ஆசிரியர்களுக்குக் கூகுள் டிரைவில் கோப்பு பகிரவும், ஃபீட் வழியாகக் கல்வித் தளங்களைப் பின்தொடரவும் பழக்குவது: பயிற்சி கொடுக்கப் போகிறவர்களின் அனுபவங்கள்

கருத்தாளர், திருவாரூர்:
பயிற்சி முடிந்ததும் முதலில் வரும் புகார், "சார், லிங்க்கைத் தொட்டா பர்மிஷன் கேக்குது." கூகுள் டிரைவில் போடும் கோப்பு முதலில் உரியவருக்கு மட்டுமே திறக்கும். ஷேர் பகுதியில் 'ரெஸ்ட்ரிக்டட்' என்பதை 'எனிஒன் வித் த லிங்க்' என்று மாற்றி, அனுமதி 'வியூவர்' என இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவரவர் கைப்பேசியில் திறப்பது சோதனை ஆகாது, அங்கே அவர் கணக்கே உள்ளே இருக்கிறது. உலாவியின் இன்காக்னிட்டோவில் (கணக்கில் நுழையாத தனிச் சாளரத்தில்) லிங்க்கை ஒட்டி, திறந்த பிறகே குழுவில் போட வேண்டும்.

பாடத்துக்கு ஒரு ஃபோல்டர் வைத்து அதைப் பகிர்ந்துவிட்டால், பிறகு உள்ளே போடுவதெல்லாம் தானாகவே எல்லாருக்கும் திறக்கும். ஆகவே மதிப்பெண் பட்டியல், ஆதார் எண், பெற்றோர் கைப்பேசி எண் உள்ள எந்தக் கோப்பும் அதற்குள் போகவே கூடாது. மாணவர் விவரம் வெளியே போனால் திரும்பப் பெற வழியில்லை.

கணினி ஆசிரியர், மதுரை:
"எடிட் பண்ண முடியல" என்று கேட்டதும் பலர் 'எடிட்டர்' அனுமதி தந்துவிடுகிறார்கள். ஒருவர் தன் பள்ளிப் பெயரைப் போட்டால் எல்லாருடைய வினாத்தாளிலும் அதுவே வந்து நிற்கும். வியூவராகவே விடுங்கள். கூகுள் டாக்ஸ் கோப்பின் முகவரியின் கடைசியில் 'எடிட்' தொடங்கி மீதி முழுவதையும் அழித்து, ஆங்கில எழுத்தில் 'காப்பி' என்று அடித்த முகவரியைப் பகிருங்கள். திறப்பவருக்குத் தனி நகல் கிடைக்கும். ஏற்கெனவே கலைந்துபோன கோப்பை ஃபைல் மெனுவில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' வழியாக மீட்கலாம்.

தமிழாசிரியை, சேலம்:
வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்பு மற்றவர் கைப்பேசியில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். அந்த எழுத்துருக்கள் ஆங்கிலக் குறியீட்டு இடங்களில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. எழுத்துரு இல்லாத கருவியில் அடியில் உள்ளதுதான் தெரியும். பிடிஎஃப் ஆக்கினால் படிக்கலாம், ஆனால் தமிழில் தேடினால் சிக்காது. எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றியே போடுங்கள். மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கலாம், ஒருமுறை படித்துவிட வேண்டும்.

கருத்தாளர், திருவாரூர்:
மேடம் சொன்னது தளங்களைப் பின்தொடர்வதற்கும் பொருந்தும், கொடுத்த சொல் இணையத்தில் புதிதாக வந்தால் தெரிவிக்கும் கூகுள் அலர்ட்ஸும் யூனிகோடு தமிழைத்தான் பிடிக்கும். பின்தொடர ஃபீட்லி போதும்; தளங்களின் ஃபீடை, அதாவது புதுப் பதிவுகளின் பட்டியலை, ஒரே இடத்தில் காட்டும் செயலி அது. இலவசக் கணக்கில் 100 தளங்கள் வரை சேர்க்கலாம், ஆனால் ஐந்தாறோடு தொடங்குங்கள். படிக்காத எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் ஏறிவிட்டால் யாரும் திரும்பத் திறப்பதில்லை. பெரும்பாலான தளங்களுக்கு முகவரியை ஒட்டினாலே ஃபீட் கிடைக்கும், வேர்ட்பிரஸ் தளம் என்றால் முகவரிக்குப் பின் சாய்கோடிட்டு ஆங்கிலத்தில் 'ஃபீட்' என்று சேர்த்துப் பாருங்கள். ஃபீட் இல்லாத தளத்துக்கு அலர்ட்ஸில் தேடுசொல்லை மேற்கோள் குறிக்குள் கொடுத்து, 'டெலிவர் டு' என்பதில் ஆர்எஸ்எஸ் ஃபீடைத் தேர்ந்தெடுத்து, அந்த முகவரியை ஃபீட்லியில் சேர்க்கலாம்.

கல்விச் செய்தித் தளங்கள் ஒரே சுற்றறிக்கையைப் பல தலைப்பில் போடும், பழையதும் புதிதுபோல வரும். சுற்றறிக்கையின் ந.க.எண்ணையும் (கோப்பு எண்) தேதியையும் துறைத் தளத்தில் உள்ள மூலத்தோடு ஒப்பிட்ட பிறகே அடுத்தவருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.