புதுப்பிப்பு: ஸ்பீக்கர் உறுமல் நின்றுவிட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: ராஸ்பெர்ரி பை (பாட்டு ஓட்டும் குட்டிக் கணினி), அதிலிருந்து யூஎஸ்பி டாக் (டிஜிட்டல் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் கருவி), அப்புறம் ஆம்ப்ளிஃபயர். பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல். டாக்கை மாற்றலாமா என்பதுதான் கேள்வி.

நல்லவேளை, மாற்றவில்லை. ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பாருங்கள் என்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. டாக்கைக் கழற்றினேன், ராஸ்பெர்ரி பையை ஆஃப் செய்தேன். உறுமல் அப்படியே இருந்தது. செட்டாப் பாக்ஸின் ஆடியோ வயரும் அதே ஆம்ப்ளிஃபயருக்குத்தான் வருகிறது. கடைசியில் அந்தப் பாக்ஸிலிருந்து கேபிள் டிவி வயரை உருவினேன். சட்டென்று அமைதி!

கேபிளின் உள்ளே இருக்கும் கம்பி வலை வெளியே எங்கோ எர்த் ஆகியிருக்கிறது; ஆம்ப்ளிஃபயர் வீட்டு பிளக் வழியாக எர்த் ஆகிறது. இரண்டுக்கும் நடுவே சின்ன மின்னழுத்த வித்தியாசம் இருந்தாலே போதும், ஆடியோ வயரின் வழியாக மின்சாரம் ஓடும். அதுதான் அந்த 50 ஹெர்ட்ஸ் உறுமல். இதற்காக பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

நான் அந்த ஆடியோ வயரை எடுத்துவிட்டு, டிவியிலிருந்து டாக்குக்கு ஆப்டிகல் கேபிள் போட்டேன். அதில் ஒளி மட்டுமே போகும், மின்சாரம் போகாது. ரொம்ப மடக்காமல் இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இடையில் கரண்ட் போய் பையின் எஸ்டி கார்டு கெட்டது. ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஒலிக் கோப்பு) பாட்டுகள் தனி ஹார்டு டிஸ்கில் இருந்ததால் தப்பின. இப்போது கார்டுக்கு ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். பையும் சின்ன யூபிஎஸ்ஸில் ஓடுகிறது.