கோவேறு கழுதைகளின் தாய்வழி தேட உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் மலைப்பாதைச் சவாரிக்குப் பயன்படும் குதிரை, கோவேறு கழுதை (ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது) இனங்களின் பூர்வீகத்தைத் தொகுத்து வருகிறேன். குதிரைகளின் வரலாறு ஓரளவு தெளிவாகக் கிடைக்கிறது. டென்னசி வாக்கிங் இனத்துக்கு 1935இல் சங்கம் அமைந்தபோது, 1886இல் பிறந்த பிளாக் ஆலன் மூலக் குதிரையாக ஏற்கப்பட்டது. பந்தயத்துக்கு உதவாது என்று கைமாறிக்கொண்டே இருந்த குதிரை அது! மிசௌரி ஃபாக்ஸ் டிராட்டர் இனத்துக்கு 1948இல் பதிவேடு தொடங்கியது. இந்த இனத்தின் நடையில், ஒரு முன்கால் சற்று முந்தி ஊன்ற, எதிர்ப்பக்கப் பின்கால் அடுத்த நொடியே பதிகிறது. அதனால்தான் அதன் முதுகில் குலுக்கல் இவ்வளவு குறைவு.

சிக்கல் கோவேறு கழுதைகளில்தான். தந்தைவழி பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது: ஸ்பெயின் மன்னர் அனுப்பிய 'ராயல் கிஃப்ட்' என்ற ஆண் கழுதை 1785இல் ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணைக்கு வந்தது; பின்னர் ஐரோப்பியக் கழுதைகளின் கலப்பில் அமெரிக்க மம்மத் என்ற பெரிய கழுதை இனம் உருவானது. ஆனால், கோவேறு கழுதைக்குக் குட்டி பிறப்பது மிக அரிது. ஒவ்வொன்றையும் புதிதாகவே இணைத்துப் பெற வேண்டியிருப்பதால், தாய்க் குதிரை எந்த வம்சம் என்பது பெரும்பாலும் பதிவாவதில்லை.

மேலே சொன்னவை போன்ற, குலுக்கல் குறைந்த நடையுள்ள குதிரைகளுக்குப் பிறந்த கோவேறு கழுதைகளின் தாய்வழியைக் காட்டும் பழைய விற்பனைப் பட்டியல்கள், பண்ணைக் குறிப்புகள் யாரிடமாவது இருக்கின்றனவா? இவற்றில் சவாரி செய்தவர்கள், தாயின் நடை குட்டிக்கு எந்த அளவு வந்திருந்தது என்பதையும் எழுதுங்கள். ஒரு பக்கக் குறிப்பு கிடைத்தாலும் எனக்குப் பேருதவி.