பேரீச்சம்பழ லட்டு உருண்டையாவே நிக்க மாட்டேங்குது, எங்க தப்பு பண்ணேன்?

தஞ்சாவூர் மருமக:
எல்லாருக்கும் வணக்கம். சக்கரை வெல்லம் எதுவும் போடாம, பாகு காய்ச்சற வேலையும் இல்லாம டிரை ஃப்ரூட்ஸ் லட்டு பண்ணலாம்னு ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சேன். தம்பி ஷார்ஜால இருக்கான், அடுத்த மாசம் அப்பாவும் அம்மாவும் போறாங்க, குடுத்து விடணும், அதுக்கு முன்னாடி ஒரு ட்ரையல் பாத்துடலாம்னு. கால் கிலோ கொட்டை எடுத்த பேரீச்சை, பாதாம் 50 கிராம், முந்திரி 50 கிராம், பிஸ்தா 25. பேரீச்சை கொஞ்சம் கெட்டியா இருந்துச்சுன்னு வெந்நீர்ல அரை மணி நேரம் ஊற வெச்சு மிக்ஸில அடிச்சேன், ஜாம் மாதிரி ஆயிடுச்சு. நட்ஸ வறுத்து சூட்டோடயே அரைச்சேன், பொடியாகாம எண்ணெய் விட்டு பிளேடுக்கு அடியில அப்பிக்கிச்சு, கரண்டிக் காம்பால நோண்டி எடுத்தேன். எப்படியோ உருட்டி வெச்சா மறுநாள் காலைல எல்லாம் தட்டுல உக்காந்து வடை மாதிரி இருக்கு. இன்னிக்கு மூணாம் நாள், லேசா புளிச்ச வாசனை வேற. மேல கசகசா பெரட்டினா ஒட்டாம நிக்குமா? அப்புறம் அம்மாவுக்கு சுகர், இதுல சக்கரையே போடலயே, அவங்க சாப்பிடலாம்ல?

மிக்ஸி ராணி:
முதல்ல அந்த புளிச்சத தூக்கிப் போடுங்க சிஸ், முந்திரி போச்சேன்னு பாக்காதீங்க. ஊற வெச்சதுதான் மொத்த வினையும். பேரீச்சை கெடாம இருக்கறதே அதுல தண்ணி கம்மி, சக்கரை அதிகங்கறதாலதான், நாம தண்ணிய ஏத்திவிட்டா ரெண்டு மூணு நாள்ல வேலையக் காட்டிடும். கெட்டிப் பழமா இருந்தா பொடியா நறுக்கி, கடாயில ஒரு ஸ்பூன் நெய் விட்டு சிம்ல வெச்சு ரெண்டு மூணு நிமிஷம் கரண்டியால மசிச்சு விடுங்க, தானா இளகிடும். அடுப்பே வேணாம்னா கிமியா மாதிரி மெத்து மெத்துன்னு இருக்கற பழம் வாங்கணும், ஆனா அதுல ஈரம் ஜாஸ்தி, ஃப்ரிட்ஜ்ல வெச்சு சாப்பிடத்தான் லாயக்கு, ஊருக்கு அனுப்ப கெட்டிப் பழம்தான் நல்லது.

நட்ஸ் வறுத்ததும் தாம்பாளத்துல கொட்டி நல்லா ஆறணும், தொட்டா சூடே தெரியக் கூடாது. அப்புறம் மிக்ஸிய விட்டு விட்டு ஓட்டுங்க, ஒரேயடியா ஓட்டினா மறுபடி எண்ணெய்தான். ரவை மாதிரியும் கொஞ்சம் முழுசு முழுசாவும் இருந்தா போதும், கடிக்கும்போது தட்டுப்படணும். ரெண்டையும் சேர்த்து சப்பாத்தி மாவு மாதிரி கையாலயே அழுத்தி பெசைங்க. அப்பவும் ஒட்டினா பொட்டுக்கடலை மாவு ரெண்டு ஸ்பூன் தூவுங்க, எங்க வீட்டு ரகசியம் அதான்.

பாலைவன ரோஜா:
அக்கா ஒரு நிமிஷம்!! கசகசா போடாதீங்க. யுஏஇல கசகசா தடை செஞ்ச பொருள், பெட்டில இருந்தா ஏர்போர்ட்லயே பிரச்சனை ஆகும், பெரியவங்கள அதுல மாட்டி விட்டுடாதீங்க. வறுத்த வெள்ளை எள்ளு இல்லன்னா கொப்பரைத் துருவல்ல பெரட்டுங்க, பாக்கவும் அழகா இருக்கும். (பேரீச்சம்பழ ஊருக்கே பேரீச்சம்பழ லட்டு அனுப்பறீங்க பாருங்க, அங்கதான் நிக்கறீங்க 😄 எங்க அம்மாவும் இதேதான் பண்ணுவாங்க)

கணக்குப்புள்ள:
சுகர் விஷயம் மட்டும் சொல்லிடறேன். நாம போடலயே தவிர பழத்துலயே 100 கிராமுக்கு சுமார் 65 கிராம் சக்கரைதான். உங்க அளவுக்கு 18 லட்டு புடிச்சா ஒண்ணுக்கு 9 கிராம் வருது, அதாவது டீ ஸ்பூன்ல ரெண்டேகால். கலோரி 80 கிட்ட. நார்ச்சத்து, நட்ஸ் எல்லாம் இருக்கறதால வெறும் ஜாங்கிரிக்கு இது எவ்வளவோ தேவலதான், அதுக்காக சுகர் ஃப்ரீன்னு சொல்லி அம்மா கையில டப்பாவ குடுத்துடாதீங்க. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, அவர் சரின்னா நெல்லிக்காய் சைஸ்ல தனியா புடிச்சு வைங்க.

சிக்கனம் சின்னு:
முந்திரி பிஸ்தா விக்கற வெலைல இதெல்லாம் நமக்கு கட்டுப்படியாகுமா. தோல் நீக்கின வறுத்த வேர்க்கடலையும் கருப்பு எள்ளும் போட்டுப் பாருங்க, எனக்கு அதுதான் ருசியே. சின்னப் பசங்களுக்கு குடுக்கறதா இருந்தா மட்டும் கடலைய நைஸா பொடிச்சுடுங்க, முழுசா தொண்டையில சிக்கிக்கும்.

தஞ்சாவூர் மருமக:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, கசகசா மேட்டர் சத்தியமா தெரியாது, நல்லவேளை கேட்டேன். நேத்து மறுபடி பண்ணேன், தண்ணியே காட்டல, நெய்ல மசிச்சு, நட்ஸ ஃபேனுக்கு அடியில ஆற வெச்சு, எள்ளுல பெரட்டினேன். ராத்திரி எண்ணி 18 வெச்சேன், உருண்டை அப்படியே கிண்ணுன்னு நிக்குது. காலைல பாத்தா 15தான் இருக்கு. அம்மாகிட்ட கேட்டா "எனக்கு என்ன தெரியும், அப்பாவைக் கேளு"ங்கறாங்க, உதட்டோரத்துல எள்ளு.