மலையில இருந்து கப்பலுக்கு: அம்மாவோட முதல் நாளுக்கு யோசனை சொல்லுங்க

வணக்கம் மக்களே, கோத்தகிரியில இருந்து எழுதறேன். அடுத்த மாசம் சென்னைத் துறைமுகத்துல குடும்பத்தோட சொகுசுக் கப்பல் ஏறுறோம். கவலையெல்லாம் அம்மாவைப் பத்திதான். மேட்டுப்பாளையம் இறங்கறதுக்குள்ள எலுமிச்சம்பழத்தை மூக்குலயே வெச்சுக்கிட்டு, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு கண்ணை மூடிடுவாங்க. ஆனா நடுக்கடலைப் பாக்கணும்னு அவ்வளவு ஆசை, அப்பா இருந்த காலத்துல இருந்தே.

ஆட்டம் குறைவா இருக்கும்னு கீழ்த்தட்டுல, கப்பலோட நடுப்பகுதியிலயே அறை எடுத்துட்டேன். பெட்டி அறைக்கு வர நேரமாகுமாம், அதனால சர்க்கரை மாத்திரை கைப்பையில.

வாந்தி மாத்திரை டாக்டர்கிட்ட கேட்டுத்தான் கொடுப்பேன். இருந்தாலும், உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு முதல் நாள் ராத்திரி எப்படி இருந்துச்சு? என்ன சாப்பிடக் கொடுத்தீங்க? புறப்படும்போது நடக்கற பாதுகாப்புப் பயிற்சியில முட்டிவலிக்காரங்க உக்கார நாற்காலி கிடைக்குமா? கூட்டிட்டுப் போனவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க.