அலை ஆற்றலைக் கடத்துவதை 8ஆம் வகுப்புக்கு எதை வைத்துக் காட்டலாம்?

கரும்பலகை:
ஒலியியல் பாடம் தொடங்கும் முன், அலை கடத்துவது ஆற்றலை, பொருளை அல்ல என்பது பசங்க மனசில் பதியணும். தொட்டியில் கல்லைப் போட்டுத் தெர்மாகோல் துண்டை மிதக்கவிட்டால் அது ஓரத்துக்கே போய் ஒட்டிக்கொள்கிறது. "தண்ணிதானே சார் தள்ளிட்டுப் போச்சு" என்கிறார்கள். 40 பேர், 45 நிமிட பீரியடு, தனி ஆய்வகம் இல்லை. மைதானத்தில் வரிசையாக உட்காரவைத்து ஒருவர் பின் ஒருவராக எழுந்து உட்காரச் சொன்னால் புரியுமா?

சுருள்வில்:
அது வேண்டாம் சார். அதில் ஒவ்வொரு பையனும் காலையில் சாப்பிட்ட இட்லியின் தெம்பில்தான் எழுகிறான். பக்கத்தில் இருப்பவன் அவனுக்கு எதையும் கொடுப்பதில்லை. அலை மாதிரித் தெரியும், ஆற்றல் கடத்தப்படாது. டாமினோக் கட்டையும் இதே கதைதான்: ஒவ்வொன்றும் தன் சொந்த நிலையாற்றலில் விழுகிறது, விழுந்தது திரும்ப எழுவதுமில்லை.

தெர்மாகோல் ஏறக்குறைய முழுதும் தண்ணீருக்கு மேலேயே நிற்பதால் ஃபேன் காற்றே அதைத் தள்ளிவிடும். கல் விழும்போது தெறிக்கிற தண்ணீரும் தள்ளும். மெழுகுவர்த்தியில் ஒரு செ.மீ. நறுக்கிப் போடுங்கள்; பத்தில் ஒன்பது பங்கு மூழ்கி மிதக்கும். நீளமான ட்ரேயில் 5 செ.மீ. தண்ணீர். கல்லுக்குப் பதில், ஒரு ஸ்கேலை ட்ரேயின் அகலவாட்டில் பிடித்து நொடிக்கு இரண்டு மூன்று தடவை மெதுவாக அமுக்கி எடுங்கள். எதிர் ஓரத்தில் பழைய துணியைச் சரிவாக வைக்காவிட்டால் அலை மோதித் திரும்பி எல்லாம் குழம்பும். ஃபேனை நிறுத்த மறக்காதீர்கள்.

இத்தனை செய்தும் மெழுகு கொஞ்சம் முன்னேறத்தான் செய்யும். நீரலையில் நீர்த்துகள் இருந்த இடத்திலேயே வட்டமாகச் சுற்றும், ஆனால் அந்த வட்டம் முழுசாக மூடுவதில்லை. அதை மறைக்க வேண்டாம். அலை ட்ரேயைக் கடந்த நேரத்தில் மெழுகு எவ்வளவு நகர்ந்தது என்று அவர்களையே ஒப்பிடச் சொல்லுங்கள்.

ஆனால் முதல் சோதனையாகத் தண்ணீரை வைக்காதீர்கள். உலோக ஸ்லிங்கிதான் (நீளமாக இழுபடும் சுருள்வில் பொம்மை) சரி. மொசைக் தரையில் 3 மீட்டர் நீட்டி, இரு முனையையும் இருவர் இறுகப் பிடிக்கணும். நடுச்சுருளில் சிவப்பு நூல். தூர முனைக்கு அரை மீட்டர் முன்னால், ஸ்பிரிங்கிலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரு காலித் தீப்பெட்டியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கிட்ட முனையைப் பிடித்திருப்பவர் கையைப் பெட்டி இருக்கும் பக்கமாக 15 செ.மீ. வெடுக்கென்று அசைத்து, உடனே பழைய இடத்துக்குக் கொண்டுவரணும். பெட்டி விழும், சிவப்பு நூல் தன் இடத்துக்கே திரும்பியிருக்கும். இரண்டும் ஒரே காட்சியில் கிடைப்பதுதான் இதன் பலம். பெட்டியை எதிர்ப்பக்கம் வைத்தால் போகும் துடிப்பு (அந்த ஒற்றை அசைவு) தொடாது. மோதித் திரும்பும்போது தலைகீழாகி வந்து தட்டும். இது தெரியாமல் வகுப்பில் முழிக்க நேரும்.

ஈர்க்குச்சி:
ஸ்லிங்கி இல்லாத பள்ளிக்கு டேப் அலை இயந்திரம் போதும். 5 செ.மீ. அகலத் துணி டேப்பை 3 மீட்டர் எடுத்து, ஒட்டும் பக்கம் மேலே வர இரண்டு பெஞ்சுக்கு நடுவில் இழுத்துக் கட்டுங்கள். 30 செ.மீ. மூங்கில் குச்சிகளை 5 செ.மீ. இடைவெளியில், நடுப்பகுதி டேப்பில் படியும்படி குறுக்கே வையுங்கள். ஏறக்குறைய 60 குச்சி ஆகும். மேலே இன்னொரு டேப்பை ஒட்டி அமுக்குங்கள். விளக்குமாற்று ஈர்க்கு ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் ஒல்லி என்பதால் சமநிலை கெட்டுச் சாயும் (என் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்).

முனைகளில் ஒரே அளவு களிமண் உருண்டை வைத்தால் அலை நிதானமாகி, கண்ணால் தொடர முடியும். டேப்பை இறுக்கினால் வேகம் கூடும். இங்கே ஒரு தப்பெண்ணத்தை உடைக்கலாம்: "பலமா ஆட்டினா வேகமா போகும்". ஒரே இறுக்கத்தில் சின்ன அசைவு, பெரிய அசைவு இரண்டையும் செல்போனில் படமெடுத்து நேரத்தை ஒப்பிடச் சொல்லுங்கள். ஏறக்குறைய ஒரே நேரம்தான் வரும். கூடுவது வீச்சு (அசைவின் அளவு), அதோடு ஆற்றல். வீச்சு இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்கு என்று வாய்வழி சொன்னால் போதும். இந்தக் கருவியில் அளந்து நிரூபிக்கப் போகாதீர்கள், உராய்வு கணக்கைக் கெடுத்துவிடும்.

கரும்பலகை:
நன்றி. அடுத்த கேள்வி நிச்சயம் வரும்: "அப்போ சுனாமியில் தண்ணி ஊருக்குள்ளேயே வந்துச்சே?"

ஆழ்கடல்:
அருமையான கேள்வி, தட்டிக்கழிக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 6.29 மணிக்கு, சென்னைக் கரையை அலை தொட்டது சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து. 4000 மீட்டர் ஆழத்தில் சுனாமியின் வேகம் √(புவியீர்ப்பு முடுக்கம் × ஆழம்) = √(9.8 × 4000), அதாவது நொடிக்கு 198 மீட்டர், மணிக்கு 700 கி.மீ.க்கு மேல். நடுக்கடலில் ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்த உயரமோ 60 செ.மீ. அளவுதான். அந்த அலைக்கு அங்கே தண்ணீர் முன்பின் அசையும் வேகம் நொடிக்கு 3 செ.மீ. போலத்தான் வரும். 198 மீட்டர், 3 செ.மீ.: இரண்டு எண்ணையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

10 மீட்டர் ஆழத்தில் அலையின் வேகம் நொடிக்கு 10 மீட்டராகக் குறைகிறது. முன்பகுதி தயங்க, பின்பகுதி நெருங்க, ஆற்றல் குறுகிய நீளத்துக்குள் அடைந்து உயரம் ஏறுகிறது. கரையில் அது வெறும் அலையாக இல்லை. தண்ணீரே பெருக்கெடுத்து ஓடுகிறது. ஆகவே "தண்ணீர் நகரவே நகராது" என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். "அலை ஊடகத்துக்குள்ளேயே (அதைச் சுமக்கும் பொருளுக்குள்ளேயே) பயணிக்கும்வரை" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

சுருள்வில்:
ஒலிக்கு ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கிண்ணத்தின் வாயில் பலூன் தோலை மேளம் போல இறுக்கிக் கட்டி, ஒரு சிட்டிகை ரவை. ஒரு சாண் தள்ளி எவர்சில்வர் தட்டைத் தட்டினால் ரவை துள்ளும். வாயால் கத்தினால் மூச்சுக்காற்றுதான் தள்ளியது என்பார்கள், அந்த வாதம் நியாயமானதும்கூட. தட்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வையுங்கள். தட்டைப் புகைப் பக்கம் வீசாமல், ஓரத்தில் கரண்டியால் தட்டணும். ரவை துள்ளும்போதும் புகை கிண்ணத்தை நோக்கி ஓடாது. தோல் தொய்வாக இருந்தால் ரவை அசையாது, முதலில் அதைச் சரிபாருங்கள்.