மேலத்தெரு குடும்பம் குழு: கவினோட பிஎச்.டி. கேள்வி

கவின் (9:12): மீனாக்கா, டேட்டா சயின்ஸ்ல இருந்து ரோபாட்டிக்ஸ் பிஎச்.டி. போகலாம்னு பாக்குறேன். பைத்தான், பைடார்ச் தெரியும். எதுல ஆரம்பிக்க?

மீனா அக்கா (9:20): கோர்ஸ் எதுவும் வாங்கிடாத. ஒரு சின்ன ரோபோ கையை நீயே கட்டி ஓட்டிப் பாரு. எஸ்ஓ-101னு ஓப்பன் சோர்ஸ் கை இருக்கு, பாகமெல்லாம் 3டி பிரிண்ட். நாம பிடிச்சு ஆட்டுற கை ஒண்ணு, அதைப் பார்த்து ஆடுற கை ஒண்ணு. கைக்கு 6 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிக்கிற சின்ன மோட்டார்), மொத்தம் 12.

மீனா அக்கா (9:22): எல்லாத்தையும் ஒரேடியா மாட்டிடாத! புதுசா வரும்போது எல்லா சர்வோவுக்கும் ஐடி 1 தான். ஒரே லைன்ல ரெண்டு 1 இருந்தா ரெண்டும் சேர்ந்து பதில் சொல்லும், ஒண்ணும் புரியாது. ஒண்ணொண்ணா மாட்டி 1லேருந்து 6 வரைக்கும் எழுதி, மேல டேப் ஒட்டி நம்பர் போடு.

மீனா அக்கா (9:24): சர்வோவோட கியர் விகிதமும் கவனி (உள்ள மோட்டார் எத்தனை சுத்து சுத்தினா வெளித்தண்டு ஒரு சுத்து சுத்தும்னு). ஆடுற கைக்கு ஆறும் 1:345. ஆட்டுற கைக்கு 1:345, 1:191, 1:147னு மூணு விதம். 345ஐ எல்லா இடத்துலயும் போட்டா கையால அசைக்கவே முடியாத அளவுக்கு இறுகிடும்.

விஜி சித்தி (9:31): ஞாயித்துக்கிழமை காலைல கை கையா கழட்டிப் போட்டிருக்கீங்களே 😂

செந்தில் மாமா (9:40): கவின், உனக்கு கோடிங்ல இடிக்காது மாப்ள, வடிவியல்லதான் இடிக்கும். ஒரு பொருள் எந்தப் பக்கம் திரும்பி இருக்குன்னு நாலு எண்ல சொல்றதுதான் குவாட்டர்னியன். அதை ஆர்ஓஎஸ்ல (ரோபோ மென்பொருள்) எக்ஸ், ஒய், இசட், டபிள்யூன்னு எழுதுவாங்க. முஜோகோல (ரோபோவை கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பாக்குற சிமுலேட்டர்) டபிள்யூ முதல்ல வரும். திரும்பாத நிலை ஆர்ஓஎஸ்ல 0,0,0,1, முஜோகோல 1,0,0,0. வரிசையை மாத்தாம கொடுத்தா எர்ரரே வராது, பொருள் 180 டிகிரி திரும்பி நிக்கும். ரெண்டு நாள் மாடலைத்தான் சந்தேகப்படுவ.

கவின் (9:44): டேட்டா பக்கம் சமாளிச்சிடுவேன் மாமா

மீனா அக்கா (9:46): அங்கதான் டேட்டா ஆளுங்க வழுக்குறாங்க. கப்பை எடுக்கக் கத்துக்கொடுக்க 50 தடவை கையை ஆட்டி ரெக்கார்ட் பண்ற, தடவைக்கு 15 செகண்ட், 30 எஃப்பிஎஸ்: 22,500 ஃப்ரேம். அதை டிரெய்னிங், டெஸ்ட்னு ரேண்டமா பிரிச்சா 33 மில்லிசெகண்ட் தள்ளி இருக்கிற ஃப்ரேம் டெஸ்ட்ல போய் உக்காரும். லாஸ் (மாடல் எவ்வளவு தப்புதுங்கிற அளவு) அழகா இறங்கும், கை கப்பைத் தட்டிவிடும். ஃப்ரேமா பிரிக்காத, தடவை தடவையா பிரி.

மீனா அக்கா (9:49): சரியாப் பிரிச்சாலும் லாஸை நம்பாத. கை ஒரு சென்டிமீட்டர் விலகினா அடுத்த படம் டிரெய்னிங்ல பார்க்காத படம், அதுல இன்னும் விலகும். ஒவ்வொரு டேட்டாவும் தனித்தனி, எல்லாம் ஒரே பரவல்ல இருந்து வருதுங்கிற ஐஐடி அனுமானம் இங்க செத்துப்போச்சு (காலேஜைச் சொல்லல சித்தி). 2011ல வந்த டேகர் முறையே இதுக்குத்தான்: மாடலை ஓடவிட்டு, அது போய் நிக்கிற இடத்துலயே மனுஷன் சரியான அசைவைச் சொல்லித் தரணும்.

செந்தில் மாமா (9:53): கேமராவை கிளாம்ப் போட்டு இறுக்கு. ரெக்கார்டுக்கு அப்புறம் லேசா நகர்ந்தாலே 50ம் வீண்.

மீனா அக்கா (9:55): உன் பலம் எங்கன்னா, 20க்கு 14 தடவை கை கப்பை எடுத்துச்சுன்னா 70%னு எழுதிட்டுப் போயிடுவாங்க. 95% நம்பக இடைவெளி (உண்மையான வெற்றி விகிதம் இருக்கக்கூடிய வரம்பு) போட்டுப் பாரு, சுமார் 48லேருந்து 85 வரைக்கும் விரியும். அதையும் சேர்த்து எழுதினா ப்ரொஃபஸர் நிமிர்ந்து உக்காருவார்.

விஜி சித்தி (10:02): சம்பளம் என்ன வரும்? ஹோம்லோன் இருக்குல்ல அவனுக்கு

செந்தில் மாமா (10:06): ஐஐடில மாசம் 37,000 ரெண்டு வருஷம், அப்புறம் 42,000. கேட் மார்க் 3 வருஷம் செல்லும். ஜெர்மனில ப்ரொஃபஸர் வேலைக்கு எடுக்கிற மாதிரி, பெரும்பாலும் டிவி-எல் இ13ங்கிற அரசு சம்பள ஸ்கேல், ஆனா மாஸ்டர்ஸ் கேப்பாங்க. அமெரிக்கால பி.இ.யோடயே போடலாம். பெரும்பாலான இடத்துல டிசம்பர்ல கடைசித் தேதி, 3 சிபாரிசுக் கடிதம். மேனேஜர் கடிதம் ஒண்ணு போதும். மத்த ரெண்டும் ஆராய்ச்சி தெரிஞ்சவங்ககிட்ட வாங்கு, அதுக்கு இப்பவே ஆள் பிடி.

கவின் (10:10): ப்ரொஃபஸருக்கு மெயில் எப்படி?

மீனா அக்கா (10:13): பத்து வரி. அவங்க பேப்பர்ல ஒண்ணைப் பத்தி நிஜமான ஒரு கேள்வி, உன் கை ஓடுற ஒரு நிமிஷ வீடியோ, கோட் லிங்க். கப்பைத் தவறவிட்ட தடவைகளையும் வீடியோல வை, ஏன் தவறுச்சுன்னு ஒரு வரி போடு. 'ஏஐல ஆர்வம்'னு மட்டும் ஆரம்பிக்காத.

கவின் (10:15): சரிக்கா, இன்னைக்கே சர்வோ ஆர்டர் போடுறேன்

மீனா அக்கா (10:16): நில்லு. 7.4 வோல்ட், 12 வோல்ட்னு ரெண்டு வகை விக்கிறான், பார்க்க ஒரே மாதிரி. 7.4க்கு 5 வோல்ட் அடாப்டர். அந்த சர்வோவுல 12 வோல்ட் அடாப்டரைக் குத்தினா புகைதான். லேபிளை ஃபோட்டோ எடுத்து இங்க போட்டுட்டு அப்புறம் ப்ளக்கைச் சொருகு.