கலைச்சொல்: சவரச் சோப்பின் ‘லேதர்’ – நுரை என்றால் போதுமா?

வணக்கம்.

எளிதில் எரிச்சல் காணும் தோல் உள்ளவர்களுக்கான சவரச் சோப்புக் கையேடு ஒன்று தமிழாக்கத்தில் இருக்கிறது. அதில் வரிக்கு வரி வரும் ‘லேதர்’ (lather) என்ற ஆங்கிலச் சொல்தான் இடிக்கிறது. அப்படியே எழுதினால் தமிழில் அதை எல்லோரும் பதனிட்ட தோல் என்றே படிப்பார்கள். போதாக்குறைக்குக் கத்தி தீட்டும் தோல்வாரும் அதே பக்கத்தில் வருகிறது. “லேதரை முகத்தில் பூசுக” என்றால் கதை கந்தல்.

‘நுரை’ என்றும் விட முடியவில்லை. ஸ்பிரே கேனை அழுத்தினால் பீய்ச்சிக்கொண்டு வருவது நுரை. குளியல் சோப்பைக் கையில் தேய்த்தால் பொங்குவதும் நுரை. பிரஷ்ஷும் தண்ணீருமாக ஓரிரு நிமிடம் பாடுபட்டு எடுப்பதும் நுரைதானா? “நுரை வந்ததும் பூசவும்” என்று எழுதினால் பத்தாவது விநாடியிலேயே நுரை வந்துவிடுகிறது. படிப்பவர் அங்கேயே நிறுத்திப் பூசிவிடுவார். பிளேடு இழுக்கும், தோல் எரியும். எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்க வேண்டும்.

என் முன்மொழிவு: மழிநுரை.

* * *

> என் முன்மொழிவு: மழிநுரை.

ஐயா, ‘மழி’ 280ஆம் குறளிலேயே இருக்கும் வேர், அதில் குறையில்லை. ஆனால் கேனிலிருந்து வருவதும் மழிக்கத்தானே? இந்தச் சொல் பயனைச் சொல்கிறது, பொருளின் தன்மையைச் சொல்லவில்லை.

தன்மை எங்கே வேறுபடுகிறது என்று பார்ப்போம். குளியல் சோப்பு பெரும்பாலும் சோடியம் உப்பு. அதில் சேரும் தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் சட்டென்று பெரிய குமிழிகளைக் கொடுக்கும். வந்த வேகத்தில் அவை உடையும். சவரச் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் தூக்கலாக இருக்கும். காரத்தில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேர்வதால் சோப்பு கொஞ்சம் இளகி, தண்ணீரை எளிதில் வாங்கிக்கொள்ளும். ஸ்டியரிக் அமிலத்தின் உப்பான ஸ்டியரேட் குமிழிச் சுவரைக் கெட்டிப்படுத்தும். கிளிசரின் ஈரம் சீக்கிரம் காயாமல் பிடித்து வைக்கும். ஆகமொத்தம் கிடைப்பது கண்ணுக்கு எட்டாத பொடிக் குமிழிகளும் அவற்றுக்கு இடையே வழவழப்பான சோப்புநீரும்.

பிளேடு வழுக்கி ஓடுவது அந்தச் சோப்புநீரின் மேல். காற்றின் மேல் அல்ல. நுங்கும் நுரையுமாகப் பொங்கி நிற்பது பார்வைக்குப் பஞ்சுமூட்டை, தோலுக்குக் காப்பு ஒன்றுமில்லை. எனவே ‘மென்னுரை’, அல்லது அடர்த்தியைச் சொல்ல ‘திண்ணுரை’.

* * *

> ‘மென்னுரை’, அல்லது அடர்த்தியைச் சொல்ல ‘திண்ணுரை’

அம்மா, மென் + நுரை = மென்னுரை. மென் + உரை = அதுவும் மென்னுரை! கையேட்டில் “மென்னுரை தயார் செய்க” என்று கண்டால் மேடைப்பேச்சுக்குக் குறிப்பு எடுக்கச் சொல்கிறார்கள் என்று நினைப்பார்கள். திண்ணுரைக்கும் இதே கதி.

செய்முறையிலிருந்து பிறந்த சொல் இருந்தால் நல்லது. மருந்தைத் தேனில் குழைக்கிறோம், சுண்ணாம்பைக் குழைக்கிறோம், களிமண்ணைக் குழைக்கிறோம். கெட்டியான ஒன்றில் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒரே சீராக, மிருதுவாக ஆக்குவதுதான் குழைத்தல். பிரஷ் செய்வதும் இதுவே.

குழைநுரை. சுடுநீர், கடைகயிறு போல வினைத்தொகை. ஒற்றுச் சிக்கலும் இல்லை.

* * *

குழைநுரைக்கு என் வாக்கு. நிறுத்த வேண்டிய இடத்தையும் இது சொல்லிவிடுகிறது: குழைந்ததா, இல்லையா? செய்முறையோடு உரசிப் பார்க்கிறேன். சொல் எங்காவது இடறினால் தெரிந்துவிடும்.

பன்றிமுடிப் பிரஷ்ஷை வெதுவெதுப்பான தண்ணீரில் 5 முதல் 10 நிமிடம் ஊறப்போட வேண்டும். செயற்கை இழைக்கு ஊறல் தேவையில்லை, நனைத்தால் போதும். சோப்பு கெட்டி வில்லையாக இருந்தால் அதன் தலையில் ஒரு தேக்கரண்டி வெதுவெதுப்பான நீர் விட்டு இரண்டு நிமிடம் கழித்து வடித்துவிடலாம். பிரஷ்ஷை இரண்டு உதறு உதறி, வில்லையின் மேல் 20 முதல் 30 விநாடி சுழற்ற வேண்டும். இந்தக் கட்டத்தில் குமிழியே தேவையில்லை. இழை நுனிகளில் பற்பசை போலக் கெட்டியாக ஒட்டினால் சரி. இங்கே கஞ்சத்தனம் செய்தால் பிறகு எவ்வளவு கிண்டினாலும் குழைநுரை வராது. அரைகுறை நுரைக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். பழி என்னவோ சோப்பின் மேல் விழுகிறது.

பிறகு கிண்ணம். ஒரு தடவைக்குப் பத்துச் சொட்டு, ஏறக்குறைய அரை மில்லி. விட்டு, 10–15 விநாடி குழைத்து, மறுபடி பத்துச் சொட்டு. முதல் இரண்டு மூன்று தடவை மங்கலான வெள்ளைதான் தெரியும். பிரஷ் போன தடம் வரிவரியாக அப்படியே நிற்கும். மேற்பரப்பில் ஊசியால் குத்தியது போலப் பொத்தல்கள் இருக்கும். ஐந்தாறு தடவைக்குள் பொத்தல்கள் மூடிக்கொண்டு வரும், வரிகளின் விளிம்பு மழுங்கும், மேலே ஈரப் பளபளப்பு ஏறும். பிரஷ்ஷைத் தூக்கினால் எழும் முனை விறைத்து நிற்காமல் ஒரு பக்கமாகத் தலை சாயும். அதுதான் பதம். சந்தேகம் இருந்தால் ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்க்கலாம். விரல்கள் ஒட்டினால் தண்ணீர் போதவில்லை. ஒன்றன்மேல் ஒன்று நிற்காமல் நழுவினால் சரி.

பதம் தவறுவதில் இரண்டு வகை. காய்ந்த குழைநுரை பார்க்கக் கம்பீரமாக இருக்கும், முகத்தில் ஒரு நிமிடத்துக்குள் வறண்டு ஓரங்களில் வெடிக்கும். எரிச்சல் தோலுக்கு இதுதான் மோசம். பிளேடு வழுக்காமல் தோலை இழுக்கிறது. தண்ணீர் குறைந்த, செறிந்த சோப்பும் தோலில் உட்கார்ந்திருக்கிறது. நீர்த்த குழைநுரையில் பெரிய குமிழிகள் தெரியும், கன்னத்தில் வழியும். அதற்கு மருந்து, பிரஷ்ஷை மீண்டும் வில்லையில் ஐந்தாறு விநாடி சுழற்றுவது, வேகமாக அடிப்பதல்ல. அடிக்க அடிக்கக் காற்றுத்தான் ஏறும்.

எவ்வளவு சோப்பு எடுத்தும் திரிதிரியாகப் பிரிந்து, கிண்ணத்தில் சாம்பல்நிறப் பிசுக்குப் படிந்தால் குற்றவாளி கடின நீர். கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். கொதிக்க வைத்தால் தற்காலிகக் கடினத்தன்மை மட்டுமே நீங்கும். குழைக்க மொத்தமே சில தேக்கரண்டித் தண்ணீர்தான் ஆகிறது. அதற்குக் காய்ச்சி வடித்த நீரை எடுத்துக்கொள்வது சுலபம்.

சொல்லைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. “முகத்தில் குழைக்கவும்” என்று எங்கும் வந்துவிடக் கூடாது. எரிச்சல் தோலுக்குக் குழைப்பது கிண்ணத்தில், முகத்தில் பூசுவது மட்டுமே. கெட்டி இழையை வட்ட வட்டமாகத் தேய்த்தால், பிளேடு படுவதற்கு முன்பே தோல் சிவந்துவிடும். சுவருக்கு வண்ணம் அடிப்பது போல மேலும் கீழுமாக லேசாகப் பூசினால் போதும். “நன்றாக ஊறட்டும்” என்று பூசிவிட்டுக் காத்திருப்பதும் வேண்டாம். சோப்பின் பிஎச் (அமில-கார அளவு) 9–10, தோலினுடையது 5-ஐ ஒட்டியது; அதாவது சோப்பு காரம், தோல் லேசான அமிலம். முடியை இளக்குவது தண்ணீர்; அந்த வேலையைச் சோப்புக்கு முன்பே, இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான நீரால் முடித்துவிட வேண்டும். இரண்டாம் முறை வழிக்கும்போது புதிதாகப் பூச வேண்டும். வெறும் தோலில் பிளேடு கூடாது.

* * *

நல்ல விளக்கம். சோப்பைத் தேர்ந்தெடுக்கும் பகுதியிலும் ஒரு சொற்பிழை காத்திருக்கிறது. வரைவில் ‘மணமற்றது’ என்று ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு குறிப்புகளைப் பெயர்த்திருக்கிறார்கள். ‘அன்சென்டட்’ என்றால் மணம் தெரியாது. மூலப்பொருளின் வாடையை அமுக்க மணப்பொருள் சேர்த்திருக்கலாம். ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்றால் மணப்பொருளே சேர்க்கவில்லை. ஒவ்வாமை உள்ளவருக்கு இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. முன்னதற்கு ‘மணம் தெரியாதது’, பின்னதற்கு ‘மணப்பொருள் சேராதது’ எனலாம்.

உட்பொருள் பட்டியலில் பார்க்க வேண்டியவற்றையும் கையேடு பெயர் சொல்லியே எழுதட்டும். பட்டியல் அளவில் அதிகமானதிலிருந்து தொடங்கும். ஸ்டியரிக் அமிலமோ பொட்டாசியம் ஸ்டியரேட்டோ முன்வரிசையில் இருந்தால் குழைநுரை நிற்கும். லிமோனீன், லினலூல், ஜெரானியால், சின்னமால் ஆகியவை மணப்பொருளில் வரும் ஒவ்வாமைக் காரணிகள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, கழுவிவிடும் பொருளில் இவை 0.01 விழுக்காட்டைத் தாண்டினால் பெயர் போட்டாக வேண்டும். ‘இயற்கை நறுமண எண்ணெய்’ என்றதும் நிம்மதி அடைய வேண்டாம், இதே பொருள்கள் அதிலும் உண்டு. மென்தால் தரும் குளிர்ச்சியும் சிலருக்கு எரிச்சலாகவே முடியும். கம்பளி மெழுகான லானோலின் பெரும்பாலோருக்கு நன்மை செய்யும். அதற்கே ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் விலக்க வேண்டும். மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தியைக் கண்டால் அந்தச் சோப்பை வைத்துவிடுவது நல்லது.

சோதிக்கும் முறையில் ஒரு திருத்தம்: “சோப்பை முன்கையில் தடவி, பட்டை ஒட்டி, ஒருநாள் விடுக” என்று வரைவில் இருக்கிறது. சோப்பை அப்படி மூடி வைத்தால் யாருக்கும் சிவக்கும். குழைநுரையை முழங்கை மடிப்பில் மூன்று நிமிடம் வைத்துக் கழுவி, நாளுக்கு இருமுறை, ஒரு வாரம் பார்க்கச் சொல்லுங்கள்.

* * *

அனைவருக்கும் நன்றி. ‘மழிநுரை’யைத் திரும்பப் பெறுகிறேன், கேனில் வருவதற்கு அது பொருந்தும், அங்கே போகட்டும். பதிவு இப்படி:

குழைநுரை (பெ.) – சவரச் சோப்பில் பிரஷ்ஷால் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஏற்றிக் குழைத்து எடுக்கும், குமிழி கண்ணுக்குத் தெரியாத, வழுக்கும் தன்மையுள்ள நுரை. காய்ந்த ~, பதமான ~, நீர்த்த ~.

வினைக்குக் ‘குழைநுரைத்தல்’ வேண்டாம் என்று நினைக்கிறேன், வாய்க்குள் நுழையவில்லை. வெறும் ‘குழைத்தல்’ போதும். முகத்துக்குப் ‘பூசுதல்’ மட்டும்.

* * *

> வெறும் ‘குழைத்தல்’ போதும்.

போதும். வரைவில் ‘மும்முறை ஆலையிட்ட சோப்பு’ என்று ஒன்று கிடக்கிறது, கவனித்தீர்களா? உருளைகளுக்கு நடுவே மூன்று தடவை அரைத்தது என்றுதானே பொருள்? ‘மும்முறை அரைத்த’ என்று மாற்றிவிடுங்கள்.